ரெஸ்யூம் எழுதும் முன் சர்டிஃபிகேட் ஃபைலைத் திறங்கள்: தனியார் வேலை தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

ரெஸ்யூம் போட உட்காரும் பலர் முதலில் தேடுவது ஒரு அழகான மாடலை. அது கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். ரெஸ்யூமில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று வேலை கிடைத்த பிறகு கம்பெனி சரிபார்க்கும். இன்டர்வியூ முடிந்து ஆஃபர் லெட்டரும் வந்த பிறகு, ஒரு தேதியோ இனிஷியலோ பொருந்தாமல் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அதனால் இங்கே காகிதத்தில் தொடங்கி, எழுத்துக்கு வந்து, அமைப்பைப் பிறகு பார்க்கலாம்.

டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்களுக்கும் ஐந்தாறு வருட அனுபவம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தனியார் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. அரசு வேலைக்குத் தனி விண்ணப்பப் படிவம் உண்டு. அங்கே ரெஸ்யூமுக்கு வேலை இல்லை.

1. காகிதங்களை மேசையில் பரப்புங்கள்

படித்தவற்றுக்கு: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், டிப்ளமோ அல்லது டிகிரியின் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், புரொவிஷனல் அல்லது டிகிரி சர்டிஃபிகேட், டிசி.

வேலை பார்த்திருந்தால்: ஒவ்வொரு கம்பெனியின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கடைசி மூன்று மாத சம்பள ஸ்லிப், வரி பிடித்திருந்தால் ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக்கி ஒரே ஃபோல்டரில் போடுங்கள். டிஜிலாக்கரில் உங்கள் பள்ளி மார்க் ஷீட் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் இறக்கிச் சேர்த்து வையுங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். டூப்ளிகேட் வாங்க போலீஸில் தொலைந்ததற்கான சான்று, பிறகு தேர்வுத் துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆஃபர் வந்த பிறகு ஓடினால் ஜாய்னிங் தேதி தாண்டிவிடும்.

பிஎஃப் பாஸ்புக்கைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் 12 இலக்க யுஏஎன் எண்ணின் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கீழ் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். வெரிஃபிகேஷன் செய்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பது போலத் தெரியும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு, பிஎஃப் இணையதளத்தில் நீங்களே விலகிய தேதியைப் பதியலாம். ஆதார் இணைப்பும் ஓடிபி வரும் மொபைல் எண்ணும் தேவை.

சின்னக் கடையிலோ பட்டறையிலோ பிஎஃப் இல்லாமல் வேலை பார்த்தவர்கள் கவலைப்பட வேண்டாம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை மூன்றும் உள்ள ஒரு கடிதத்தை லெட்டர்ஹெட்டில், கையெழுத்து, சீலோடு வாங்குங்கள். சம்பளம் வங்கியில் வந்திருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டும் ஆதாரம்தான்.

2. பெயர், இனிஷியல், தொடர்பு

நம் ஊரில் அதிகம் தடுக்கும் இடம் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’, ஆதாரில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ‘கார்த்திக் செல்வம்’, பான் கார்டில் இன்னொரு விதம். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும். கம்பெனியின் சாஃப்ட்வேரும் வெளிநாட்டு ஹெச்ஆரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

உள்ளூர் வேலைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி, அதே எழுத்துக்கூட்டலில் பெயரை எழுதுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. இனிஷியல் மட்டும் மாறியிருந்தால் வெரிஃபிகேஷன் நேரத்தில் ஒரு விளக்கக் கடிதமோ அஃபிடவிட்டோ கேட்பார்கள், சமாளிக்கலாம். பெயரின் எழுத்தே மாறியிருந்தால் ஆதாரையும் பானையும் சான்றிதழுக்கு ஒத்தபடி இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

மெயில் ஐடி பெயரும் எண்ணுமாக எளிமையாக இருக்கட்டும். கல்லூரி கொடுத்த மெயில் ஐடியைப் போடாதீர்கள். படிப்பு முடிந்ததும் முடக்கிவிடுவார்கள், இன்டர்வியூ அழைப்பு அதோடு போகும். மொபைல் எண் ஒன்று போதும், அது ரீசார்ஜில் இருக்க வேண்டும். முகவரிக்கு ஊர் பெயர் போதும். வேறு ஊருக்கு வரத் தயார் என்றால் அதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

போடக்கூடாதவை: ஆதார் எண், பான் எண், அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை, முழு வீட்டு முகவரி. ரெஸ்யூம் எத்தனை கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டால் ஒழிய போட்டோவும் வேண்டாம்.

3. மாஸ்டர் ஃபைல் ஒன்று தயார் செய்யுங்கள்

இதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இருக்கலாம். படிப்பு, வேலை, புராஜெக்ட், பயிற்சி எல்லாவற்றையும் மாதம், வருடத்தோடு ஒரு வேர்ட் ஃபைலில் எழுதுங்கள். கையில் உள்ள காகிதத்தைப் பார்த்துத்தான் தேதி எழுத வேண்டும், ஞாபகத்தில் இருந்து வேண்டாம். ரிலீவிங் லெட்டரில் மார்ச் என்று இருக்க, ரெஸ்யூமில் ஜூன் என்று போட்டால் அது பொய்யாகத்தான் படிக்கப்படும். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் இதிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து ரெஸ்யூம் செய்வீர்கள்.

4. பார்த்த வேலையை எழுதும் விதம்

ரெஸ்யூமின் உயிர் இங்கேதான். அதிக நேரத்தை இதற்குச் செலவிடுங்கள். ரெஸ்யூம் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே பொருள் விளங்கத் தமிழில் தருகிறேன்.

‘அக்கவுண்ட்ஸ் வேலைகளைக் கவனித்தேன்’ என்று எழுதினால் எதுவும் தெரியாது. இப்படி எழுதலாம்: ‘டாலி பிரைமில் மாதம் சுமார் 400 பர்ச்சேஸ், சேல்ஸ் பில் பதிவு. ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கலுக்கு டேட்டா தயாரித்து ஆடிட்டருக்கு அனுப்புதல். பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை 2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களை சப்ளையரிடம் கேட்டுச் சரிசெய்தல்.’ (2பி என்பது சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்.) இதைப் படிக்கிற அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு நீங்கள் உண்மையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் என்பது தெரிந்துவிடும். இன்டர்வியூவில் ‘2பி-யில் பில் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?’ என்றுதான் கேட்பார். பதில் உங்களிடம் இருக்கும்.

கோவை, ஓசூர் பக்கம் மெஷின் ஷாப் வேலைக்கு ‘சிஎன்சி ஆபரேட்டர், 3 வருட அனுபவம்’ என்று மட்டும் எழுதுவார்கள். டர்னிங் சென்டரா, விஎம்சியா (மில்லிங் மெஷின்)? ஃபானுக் கன்ட்ரோலா, சீமென்ஸா? ஜாப் ஏற்றி இறக்குவது மட்டுமா, டூல் ஆஃப்செட் மாற்றுவீர்களா, புது ஜாப் செட்டிங் செய்வீர்களா? டிராயிங் படிப்பீர்களா? வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் டயல் கேஜ் இவற்றில் எதில் அளவு பார்ப்பீர்கள், எத்தனை மைக்ரான் டாலரன்ஸில் வேலை பார்த்திருக்கிறீர்கள்? ஆபரேட்டருக்கும் செட்டருக்கும் சம்பளமே வேறு. செட்டிங் தெரிந்தும் ஆபரேட்டர் என்று எழுதிக் குறைந்த சம்பளத்தில் சேருகிறவர்களைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது.

திருப்பூர் மெர்ச்சண்டைசர் என்றால் ‘ஆர்டர் ஃபாலோ-அப்’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தாதீர்கள். எந்த நாட்டு பையர், ஒரே நேரத்தில் எத்தனை ஸ்டைல், லேப் டிப் (சாய நிற மாதிரி), ஃபிட் சாம்பிள், பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அப்ரூவல் யார் வாங்கியது, டையிங், பிரின்டிங் யூனிட்களை டி அண்ட் ஏ காலண்டரோடு (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) யார் துரத்தியது என்று எழுதுங்கள்.

எண்கள் ஞாபகம் இல்லையென்றால் ஒரு நாளைக்கு எத்தனை என்று யோசித்து, மாதத்துக்குப் பெருக்குங்கள். ‘சுமார்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். இல்லாததைப் பெரிதாக்க வேண்டாம்; துறையில் இருப்பவருக்கு ஒரு நாளில் எவ்வளவு முடியும் என்று நன்றாகவே தெரியும்.

ஃபிரெஷர்கள் புராஜெக்ட்டை எழுதும்போது ‘நாங்கள்’ செய்ததை விட்டு, நான்கு பேரில் உங்கள் பங்கு என்ன என்பதை எழுதுங்கள். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதைத் தலைப்பாகப் போட்டால், இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும். அதற்குப் பதில் லேபில் நீங்களே செய்த சின்ன வேலையைப் போடுங்கள். சான்றிதழ்களில் வீடியோ பார்த்து முடித்ததும் வருவதைவிட, சென்டருக்குப் போய்த் தேர்வு எழுதி வாங்குவதற்கு மதிப்பு அதிகம். ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல் அப்படிப்பட்டது, படிப்பது இலவசம், தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு ரூ.1,000 கட்டணம். ஆபீஸ் வேலைக்கு டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்திருந்தால் ஆங்கிலமா தமிழா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஏஐ செயலிகளிடம் எழுதித் தரச் சொல்பவர்கள், இலக்கணம் திருத்த மட்டும் பயன்படுத்துங்கள். முழுதாக எழுத விட்டால் எல்லாருடையதும் ஒரே மாதிரி வரும். நீங்கள் வாயால் சொல்ல வராத சொல் ரெஸ்யூமில் இருக்கவே கூடாது.

5. மதிப்பெண், அரியர், இடைவெளி

பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 2018 வரை 1,200, 2019 முதல் 600. சதவீதம் போடும்போது எதில் வகுக்கிறோம் என்று கவனியுங்கள். சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றும் கணக்கு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மார்க் ஷீட்டின் பின்பக்கத்திலோ ரெகுலேஷனிலோ உள்ளதைப் பின்பற்றுங்கள், சந்தேகம் இருந்தால் சிஜிபிஏவாகவே விடுங்கள். 2021இல் தமிழ்நாடு ஸ்டேட் போர்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். அவர்கள் ரெஸ்யூமிலும் அப்படியே எழுத வேண்டும். ஆன்லைன் ஃபார்ம் எண் இல்லாமல் நகர மறுத்தால் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பு மார்க்கையோ தோராயமான எண்ணையோ போட்டுவிடாதீர்கள்.

அரியர் இருந்தால் ரெஸ்யூமில் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஃபார்மில் ‘ஸ்டாண்டிங் அரியர் உண்டா’ என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். இருந்து முடித்ததற்கும் இப்போது இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கேள்வியை நிதானமாகப் படியுங்கள்.

இடைவெளியை மறைக்கத் தேதிகளை இழுப்பதுதான் மிகப் பெரிய பொறி. டிஎன்பிஎஸ்சிக்குப் படித்த இரண்டு வருடம் என்றால் ஒரு வரியில் எழுதுங்கள். குரூப் 2 முதல்நிலையில் தேர்ச்சி பெற்றிருந்தால் அதையும் சேருங்கள். குழந்தை பிறந்து, வீட்டில் இருந்து திரும்பி வருபவர்கள் ‘குடும்பப் பொறுப்பு’ என்ற ஒரு வரியோடு நிறுத்தலாம், அதற்கு மேல் விளக்கம் தரத் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஜிஎஸ்டி, எக்செல் ஏதாவது கற்றிருந்தால் அதைச் சேருங்கள்.

காசு வாங்கிக்கொண்டு இரண்டு, மூன்று வருட போலி அனுபவம் போட்டுத் தருவதாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். போலி சம்பள ஸ்லிப்பும் தருவார்கள். பிஎஃப் பதிவும் வங்கி வரவும் பொருந்தாது; ஒரு வருடம் கழித்துக் கண்டுபிடித்தாலும் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு நேர்மையாக வாங்கிய அனுபவத்தையும் காட்ட முடியாத நிலை வரும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

6. பக்க அமைப்பும் பிடிஎஃப் சோதனையும்

ஏ4 அளவு, வேர்டில் சில சமயம் லெட்டர் அளவு இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்து காலிப்ரி அல்லது ஏரியல், 10.5 அல்லது 11 அளவு. ஐந்து வருட அனுபவம் வரை ஒரு பக்கம், அதற்கு மேல் இரண்டு. அனுபவம் உள்ளவர்கள் வேலையை மேலே, படிப்பைக் கீழே வையுங்கள். ஃபிரெஷர்கள் படிப்பை மேலே. ‘கேரியர் அப்ஜெக்டிவ்’ என்று எல்லாரும் எழுதும் அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, நீங்கள் யார், என்ன தெரியும், என்ன வேலை தேடுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். கீழே உறுதிமொழி, கையெழுத்து எல்லாம் கல்லூரி பிளேஸ்மென்ட் செல் கேட்டால் மட்டும்.

பல கம்பெனிகளில் ரெஸ்யூமை முதலில் படிப்பது சாஃப்ட்வேர். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த அமைப்பு, டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ், திறமைக்கு நட்சத்திரம் போட்ட டிசைன் எல்லாம் அதற்குக் குழப்பம். மொபைல் எண்ணைப் பக்கத்தின் ஹெடரில் வைத்தால் சில சாஃப்ட்வேர்கள் அதைப் படிக்காமலே விட்டுவிடும். சோதிக்க ஒரு எளிய வழி: பிடிஎஃப்பைத் திறந்து எல்லா எழுத்தையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் மேலிருந்து கீழாக ஒழுங்காக வந்தால் சரி. கலைந்து வந்தால் டிசைனை எளிமையாக்குங்கள். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது படம். பிரிண்ட் எடுத்து மொபைலில் ஸ்கேன் செய்த ரெஸ்யூம் அப்படித்தான் இருக்கும், அனுப்பாதீர்கள்.

ஜெராக்ஸ் கடையிலோ நெட் சென்டரிலோ ரெஸ்யூம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களிடம் ஒரு பழைய ஃபைல் இருக்கும். முன்பு வந்தவரின் பெயரை அழித்து உங்கள் பெயரைப் போடுவார்கள். அவருடைய பொழுதுபோக்கும், சில சமயம் அவருடைய மெயில் ஐடியும் உங்கள் பக்கத்தில் தங்கிவிடும். ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். வேர்ட் ஃபைலையும் பிடிஎஃப்பையும் உங்கள் மெயிலுக்கு அனுப்பச் சொல்லி வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு வரி மாற்ற மறுபடி அங்கேயே போக வேண்டும். வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு கடை கம்ப்யூட்டரில் உள்ளதை அழிக்கச் சொல்லுங்கள்.

7. விளம்பரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்

வேலை விளம்பரத்தைப் பிரித்துப் படியுங்கள். அதில் கேட்ட திறமைகளில் உங்களிடம் உண்மையில் இருப்பவற்றை அதே சொல்லில் ரெஸ்யூமின் முதல் பாதியில் கொண்டுவாருங்கள். மாஸ்டர் ஃபைல் இருந்தால் இதற்குக் கால் மணி நேரம் போதும். ஐம்பது இடத்துக்கு ஒரே ரெஸ்யூம் அனுப்புவதைவிட, பத்து இடத்துக்கு மாற்றி அனுப்புவது நல்லது.

8. போர்ட்டல், மெயில், முகாம்

நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் 2 எம்பிக்குள் ஃபைல் இருக்க வேண்டும். அங்கே புரொஃபைலில் உள்ள தேதியும் ரெஸ்யூமில் உள்ள தேதியும் லிங்க்டினில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கட்டும். ஹெச்ஆர் தேடும்போது சமீபத்தில் யார் புரொஃபைலைத் தொட்டார்கள் என்று வடிகட்டலாம். அதனால் தீவிரமாகத் தேடும் நாட்களில் வாரம் ஒரு முறையாவது உள்ளே போய் எதையாவது உண்மையாகவே திருத்துங்கள். நோட்டீஸ் பீரியடைச் சரியாகப் போடுங்கள், அதை வைத்தும் வடிகட்டுவார்கள். ரிசைன் செய்துவிட்டால் கடைசி வேலை நாளையும் குறிப்பிடுங்கள்.

தமிழக அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை தனியார் வேலைக்கென்று ஒரு இணையதளம் நடத்துகிறது, பதிவு இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களும் இலவசம். முகாமுக்குப் போகும்போது ரெஸ்யூம் பத்து பிரதி, சான்றிதழ் நகல் மூன்று செட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார் நகல், ஒரு பேனா. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் நல்ல ஸ்டால்கள் காலியாகத் தொடங்கும்.

மெயிலில் சப்ஜெக்ட் வரியில் வேலையின் பெயர், உங்கள் பெயர், அனுபவம். உள்ளே நான்கைந்து வரி. ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் வேலையும் இருக்கட்டும். ‘ரெஸ்யூம் ஃபைனல் 3’ என்று போனால் அது யாருடையது என்று தேட மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் பிடிஎஃப்பாகவே அனுப்புங்கள், போட்டோ எடுத்து வேண்டாம்.

ரெஸ்யூமுக்குப் பெரிய செலவு இல்லை. பிரிண்ட், ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடியும். வேலை தருவதற்கென்று ரெஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங் டெபாசிட், லேப்டாப் அட்வான்ஸ் என்று யார் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. கையெழுத்திட்ட நகல் கொடுத்தால் போதும்.

9. எப்போது புதுப்பிப்பது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாஸ்டர் ஃபைலைத் திறந்து, புதிதாகச் செய்த வேலை, கற்ற மெஷின், மாறிய பொறுப்பு, எண்கள் எல்லாவற்றையும் சேருங்கள். அப்ரைசல் முடிந்த வாரம் இதற்கு நல்ல நேரம். அதற்காக எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம் போன்ற கம்பெனி ரகசியங்களை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.

வேலையை விடும்போதுதான் அவசரம் அதிகம். கடைசி வேலை நாளன்று ஆபீஸ் மெயிலும் ஹெச்ஆர் போர்ட்டலும் மூடிவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பே சேர்ந்த நாள் முதலான எல்லா சம்பள ஸ்லிப்பையும், இன்கிரிமென்ட், புரமோஷன் கடிதங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். அந்த நிதியாண்டின் ஃபார்ம் 16 அடுத்த ஜூன் மாதம்தான் வரும், அதனால் ஹெச்ஆரிடம் உங்கள் சொந்த மெயில் ஐடியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்ததும் அதில் பெயர், இனிஷியல், பதவி, இரண்டு தேதிகள் எல்லாவற்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் அந்த வாரமே திருத்தி வாங்க முடியும். ஆறு மாதம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட்டவரே அங்கே இருக்க மாட்டார். இரண்டு மாதம் கழித்து பிஎஃப் தளத்தில் விலகிய தேதி ஏறிவிட்டதா என்று பாருங்கள்.